எர்த் போட்ட லைனில் மண் செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

"எர்த் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன பயம்?" மின்கம்பத்தடியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் மனதிலும் கேட்பவர் மனதிலும் ஓடுவது ஒரே எண்ணம்: கரண்ட் எப்போதும் மண்ணுக்குள் போகத் துடிக்கிறது, ஒரு கம்பியை மண்ணில் அடித்து லைனோடு இணைத்துவிட்டால் அந்த வழியே இறங்கி மறைந்துவிடும், மேலே இருப்பவரைத் தொடாது. இதில் பாதிக்கு மேல் தவறு. எர்த் ராடை, அதாவது லைனில் மாட்டும் கிளாம்புத் தடியை, எந்த இடத்தில் மாட்டுவது, எத்தனை கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவது, எதை முதலில் மாட்டுவது என்கிற முடிவுகள் எல்லாம் இந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் தவறு பேச்சோடு நிற்பதில்லை.

இந்தக் கட்டுரை படித்தவரை லைன் வேலைக்குத் தகுதியாக்காது. அது உரிமமும் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களின் வேலை. எர்த் எப்படிக் காப்பாற்றுகிறது, எப்போது காப்பாற்றாது என்பதை முதல்முறை தெரிந்துகொள்ள வருபவர்களுக்காக எழுதப்பட்டது.

ஒரே பெயரில் இரண்டு எர்த்

வீட்டுக்குப் பின்னால் குழி எடுத்து, 40 மி.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை இறக்கி வைக்கிறோமே, அது நிரந்தர எர்த். அதற்கான இந்தியத் தர வழிகாட்டி ஐ.எஸ். 3043. கிரைண்டர், ஃபிரிட்ஜ் போன்றவற்றின் உலோக உடலில் பழுதால் கரண்ட் வந்தால் ஆளைக் காப்பது அதன் வேலை. சப்ளை ஓடிக்கொண்டே இருக்கும்போது பயன்படுவது.

இங்கே பேசப்போவது தற்காலிக எர்த். சப்ளையை நிறுத்திவிட்டு ஒரு லைனிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும், அந்தக் கம்பிகளை ஒன்றோடொன்றும் எர்த்தோடும் கிளாம்பு போட்டு இணைத்து வைப்பது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 36ஆவது விதி இதைத்தான் கேட்டது. கம்பியில் கைவைக்கும் முன் எர்த் மூலமோ வேறு தக்க வழியிலோ அதில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும்; ஆள் வேலை செய்யும்போது தவறுதலாக மீண்டும் சார்ஜ் ஆகாதபடியும் தடுக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இது தொடர்ந்தது. முதல் பாதியைப் பலர் செய்கிறார்கள். ராடால் ஒரு தடவை தொட்டு "டிஸ்சார்ஜ்" பண்ணிவிட்டு எடுத்துவிடுவார்கள். இரண்டாம் பாதிக்கு எர்த் வேலை முடியும் வரை அங்கேயே இருந்தாக வேண்டும்.

கரண்ட் எங்கே திரும்புகிறது

கரண்ட் மண்ணைத் தேடிப் போவதில்லை. புறப்பட்ட டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பிச் சேர ஒரு முழுச் சுற்று வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால், மண்ணும் அந்தச் சுற்றில் ஒரு துண்டாகிறது. அவ்வளவுதான் மண்ணின் பங்கு. அதுவும் மோசமான துண்டு.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். கரண்ட் ஓடுவதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதே தடை. ஓம் என்ற அலகில் அளக்கிறோம். வீட்டு எர்த் குழியின் தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தின் தடை 2 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் ஃபேஸ் கம்பி நேராக வீட்டு எர்த்தில் பட்டாலும் ஓடுவது 230-ஐ 12-ஆல் வகுத்த அளவுதான், சுமார் 19 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் பிரேக்கர்) இதற்கு அசையவே அசையாது. அந்த நேரம் முழுக்க எர்த் கம்பியும், அதோடு இணைந்த எல்லா உலோகமும் ஏறத்தாழ 190 வோல்ட்டில் நிற்கும். எர்த் இருக்கிறது, ஆனால் எதுவும் "இறங்கி மறையவில்லை". வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவைப்படுவதற்கு இதுவே காரணம். போன கரண்ட்டும் திரும்பிய கரண்ட்டும் சமமாக இல்லாவிட்டால் அது உடனே துண்டித்துவிடும். எர்த்தின் தடை பத்தா இருபதா என்று பார்ப்பதில்லை.

சுருக்கமாக: மண் கரண்ட்டை விழுங்குவதில்லை, திரும்பும் பாதையில் ஒரு பகுதியாக மட்டும் இருக்கிறது. அந்தப் பகுதியின் தடை அதிகம் என்பதால், மண்ணை மட்டும் நம்பினால் ஃப்யூஸ் போகும், பிரேக்கர் விழும் என்று உறுதி சொல்ல முடியாது.

உடம்பு எவ்வளவு தாங்கும்

ஒரு கையிலிருந்து மறு கைக்கோ, கையிலிருந்து காலுக்கோ உடம்பின் தடையைக் கணக்குக்காக 1000 ஓம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 30, 50 மில்லி ஆம்பியர் என்று ஏறி, சில விநாடி நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து வரும். 1000 ஓம் வழியே 50 மில்லி ஆம்பியரை ஓட்ட 50 வோல்ட் போதும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "லைனில் எத்தனை வோல்ட்" என்பதைவிட, "ஆளின் கைக்கும் காலுக்கும் இடையில் எத்தனை வோல்ட் வித்தியாசம்" என்பதே. தற்காலிக எர்த்தின் நுட்பம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நிறுத்திய லைனில் சப்ளை எப்படி வருகிறது

லைன் கிளியர் வாங்கி, ஃபீடரை (துணைமின் நிலையத்திலிருந்து புறப்படும் லைனை) நிறுத்தி, கம்பத்து மேல் மூன்று ஃபேஸையும் ஒன்றாகத் திறக்கும் ஏ.பி. சுவிட்சையும் திறந்த பிறகு எர்த் எதற்கு என்று கேட்பார்கள். லைன் கிளியர் என்பது இந்தப் பகுதியில் சப்ளை நிறுத்தப்பட்டுள்ளது, நீங்கள் திருப்பித் தரும்வரை போடமாட்டோம் என்று துணைமின் நிலையம் தரும் எழுத்து அனுமதி. அது ஒரு மனிதர் இன்னொருவருக்குத் தரும் உறுதி. கம்பிக்கு அது தெரியாது.

முதல் காரணம் சுவிட்ச். கீழே பைப்பை இழுத்ததும் மூன்று பிளேடும் திறந்துவிட்டன என்று நினைப்போம். துருவாலோ தளர்ந்த இணைப்பாலோ ஒரு பிளேடு மட்டும் ஒட்டியபடியே நிற்கலாம். அண்ணாந்து மூன்றையும் தனித்தனியாகக் கண்ணால் பார்க்காமல் திறந்ததாகச் சொல்லக் கூடாது. தவறான ஃபீடரை நிறுத்துவது, குறுக்கே போகும் வேறொரு லைன் அறுந்து மேலே விழுவது, தொலைவில் விழும் இடி, எல்லாம் இதே கணக்கில் சேரும்.

இரண்டாவது, அதிகம் பேசப்பட வேண்டியது, பேக் ஃபீடு: சப்ளை வழக்கமான திசைக்கு எதிராக, நுகர்வோர் பக்கத்திலிருந்து லைனுக்கு ஏறுவது. டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல் கீழ் என்ற பேதம் கிடையாது. 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கும் அதே பெட்டி, கீழிருந்து கொடுத்தால் உயர்த்தும். வெளி சப்ளையைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு வீட்டில் ஜெனரேட்டரை பிளக் பாயிண்டில் செருகி 230 வோல்ட் கொடுத்தால், மேலே உயரழுத்தக் கம்பிகளில் 10,000 வோல்ட் அளவுக்கு வந்து நிற்கும். பக்கத்து வீடுகளின் லோடு சின்ன ஜெனரேட்டரை நிறுத்திவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். எல்லா வீடும் இணைந்திருந்தால் அப்படி நடக்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா மாவட்டங்களைப் போல, கம்பங்கள் சாய்ந்து லைன் துண்டு துண்டாகக் கிடக்கும் இடத்தில் ஒரு துண்டில் இரண்டு வீடுதான் மிச்சமிருக்கும். அங்கே ஜெனரேட்டர் சுகமாக ஓடும். மோட்டார் போட ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பதும் லைன்மேன்கள் கம்பம் ஏறுவதும் அதே நாட்களில்தான்.

கூரை சோலார் இன்வெர்ட்டர்கள் வெளி சப்ளை போனால் 2 விநாடிக்குள் தாமாக நிற்க வேண்டும் என்பது தர விதி. நல்ல விதி. ஆனால் யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டி ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கையில் கம்பம் ஏறக் கூடாது.

மூன்றாவது இண்டக்‌ஷன். 110 கே.வி. (1,10,000 வோல்ட்) லைன் பக்கத்திலேயே ஓடினால், எதனோடும் இணையாத நம் கம்பியிலும் அதன் மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வோல்டேஜ் ஏறும். சுவிட்ச் எல்லாம் சரியாகத் திறந்திருந்தும் டெஸ்டர் கூவினால் பல நேரம் இதுதான் காரணம். "வெறும் இண்டக்‌ஷன்தான்" என்று தள்ளிவிடும் பேச்சு நல்லதில்லை. அந்த "வெறும்" உதறலில் கம்பத்திலிருந்து விழுந்தாலும் உயிர் போகும்.

மூன்றையும் சேர்த்துக் கட்டினால்

இனி எர்த் ராடு உண்மையில் செய்வது என்ன என்று பார்ப்போம். எர்த் ராடு செட் என்பது காப்புத் தடியின் நுனியில் மாட்டிப் பூட்டும் கிளாம்புகளும், அவற்றை இணைக்கும் தடித்த செம்புக் கேபிளும். மூன்று ஃபேஸ் கம்பிகளையும் கிளாம்பு போட்டு ஒன்றாக்கிவிட்டோம் என்றால், துணைமின் நிலையத்தில் யாரோ தவறுதலாக ஃபீடரைப் போட்டதும் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நேர் ஷார்ட் ஆகிறது. இடையில் மண்ணின் தடை இல்லை. ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். கரண்ட்டைக் கண்காணிக்கும் ரிலே உணர்ந்து பிரேக்கரைத் தட்டிவிடும். அந்தச் சில நூறு மில்லி விநாடிகளிலும், மூன்று ஃபேஸும் சந்திக்கும் அந்த இடத்தில் வோல்டேஜ் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும்.

மண்ணில் அடித்த கம்பி இல்லாமலே இது நடக்கும். ஒரே ஒரு ஃபேஸில் ராடை மாட்டி மண்ணில் இறக்கிவிட்டு "எர்த் போட்டாச்சு" என்பவர், தற்காலிக எர்த்தின் பெரிய பலனைக் கைவிட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் மூன்று ஃபேஸும் சேர்ந்தே வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒட்டிக்கொண்ட ஒரு பிளேடு, மேலே விழுந்த ஒரு கம்பி, இவை ஒற்றை ஃபேஸைத்தான் கொண்டுவரும். அப்போது திரும்பும் வழி மண் மட்டுமே. 11 கே.வி. லைனில் ஒரு ஃபேஸுக்கும் மண்ணுக்கும் இடையில் 6350 வோல்ட். ஓரளவு ஈரமான மண்ணில் 1 மீட்டர் ஆழம் அடித்த கம்பியின் தடை சுமார் 80 ஓம். காய்ந்த மணலிலும் பாறை நிலத்திலும் பல நூறு. 80 என்றே வைத்தாலும் ஓடுவது 80 ஆம்பியருக்கும் குறைவு. அந்த ஃபீடரில் தினமும் ஓடும் லோடு இதைவிட அதிகமாக இருக்கும். ஓவர்கரண்ட் ரிலே இதைக் கவனிக்கவே கவனிக்காது. மண் வழியே போகும் கரண்ட்டைப் பார்க்கும் எர்த் ஃபால்ட் ரிலே கவனிக்கும், அது ஒழுங்காக இருந்தால். அதுவரை லைனும் மண்ணில் அடித்த கம்பியின் தலையும் 6000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். எர்த் போட்ட பிறகும் 6000 வோல்ட்!

இந்த நேரத்தில் மேலே இருப்பவரை எது காப்பாற்றுகிறது?

தோணியில் ஒரு கால், கரையில் ஒரு கால்

ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. தோணியில் உட்கார்ந்திருப்பவர் தோணியோடு சேர்ந்து மேலே வருகிறார்; பத்தடி ஏறினாலும் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு காலைத் தோணியிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்து நிற்பவர்தான் விழுவார். வோல்டேஜும் இப்படியே. கம்பத்தில் இருப்பவர் தொடக்கூடிய எல்லாவற்றையும், அதாவது மூன்று கம்பி, அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்ம், கம்பத்தில் அவர் கால் நிற்கும் இடம், கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி, இறங்கி வரும் எர்த் கம்பி, அனைத்தையும் தடித்த செம்புக் கேபிளால் ஒன்றோடொன்று கட்டிவிட்டால், எல்லாம் ஒரே தோணி. லைன் 6000 வோல்ட்டுக்கு ஏறினால் அவர் நிற்கும் இடமும் 6000க்கு ஏறும். கைக்கும் காலுக்கும் இடையில் மிஞ்சுவது அந்தக் கேபிளில் விழும் வோல்டேஜ் மட்டுமே.

அது எவ்வளவு? 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள் 3 மீட்டருக்குத் தடை 1.6 மில்லி ஓம் அளவு. இரண்டு முனை கிளாம்புகளுக்கும் சேர்த்து இன்னொரு மில்லி ஓம். மேலே சொன்ன ஏறத்தாழ 80 ஆம்பியருக்கு இது 0.2 வோல்ட். மூன்று ஃபேஸும் சேர்ந்து வந்து 4000 ஆம்பியர் பாய்ந்தாலும் 10 வோல்ட்டுக்குச் சற்றே மேல். உடம்பு தாங்கும் எல்லைக்குள் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே வோல்டேஜில் கட்டிவைத்த இந்த இடத்துக்குச் சம மின்னழுத்தப் பகுதி என்று பெயர். நடைமுறையில், வேலை செய்பவரின் காலுக்குக் கீழே கம்பத்தைச் சுற்றிச் சங்கிலியால் இறுக்கும் ஓர் உலோகப் பட்டை, அதில் மூன்று ஃபேஸிலிருந்தும் வரும் கேபிள்கள், அதிலிருந்தே நியூட்ரலுக்கோ மண்ணில் அடித்த கம்பிக்கோ போகும் கேபிள். பட்டை காலுக்குக் கீழே இருப்பது முக்கியம். மேலே கட்டினால் பட்டைக்கும் காலுக்கும் இடையிலுள்ள கம்பத்தின் துண்டு தோணிக்கு வெளியே போய்விடும்.

இங்கேதான் பழைய பழக்கம் ஒன்று இடிக்கிறது. வேலை நடக்கும் கம்பத்தை விட்டு, இரண்டு பக்கமும் சில கம்பம் தள்ளி பக்கத்துக்கு ஒரு எர்த் போட்டு நடுவில் வேலை செய்வது. "இந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பக்கமிருந்து வந்தாலும் எர்த் பிடித்துக்கொள்ளும்" என்பது நியாயம். பிரேக்கரைத் தட்ட இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நடுக்கம்பத்தில் நிற்பவரின் கை லைனின் வோல்டேஜிலும், கால் அந்தக் கம்பத்தடி மண்ணின் வோல்டேஜிலும் இருக்கிறது. கால் கரையில். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1994இல் கொண்டுவந்த லைன் வேலை விதி, ஆள் ஆபத்தான வோல்டேஜ் வித்தியாசத்துக்கு ஆளாகாத இடத்திலும் விதத்திலும் எர்த்தை அமைக்க வேண்டும் என்று எழுதியது இதற்காகத்தான். துணைமின் நிலையத்தில் எர்த் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள் என்பதும் நாலு கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்குப் போதாது. இடையிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வழியே ஏறும் பேக் ஃபீடை அது அவர் கையருகே ஒன்றும் செய்யாது.

சுருக்கமாக: ஃபேஸ்களைச் சேர்த்துக் கட்டுவது பிரேக்கரைத் தட்ட. ஆளைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் கட்டுவது வோல்டேஜ் வித்தியாசத்தை ஒழிக்க. மண்ணில் அடிக்கும் கம்பி இவற்றுக்குத் துணை. தேவைதான், ஆனால் முதலிடம் அதற்கு இல்லை.

கீழே நிற்பவர் கரையில் நிற்கிறார்

மேலே இருப்பவர் பத்திரமாக இருக்கும் அதே நொடியில் கம்பத்தடியில் சாய்ந்து நிற்கும் உதவியாளர் ஆபத்தில் இருக்கலாம். 6000 வோல்ட் ஏறிய எர்த் கம்பியைச் சுற்றியுள்ள மண்ணில் வோல்டேஜ் மிக வேகமாக இறங்கும். 1 மீட்டர் கம்பிக்கு, முதல் ஒரு மீட்டர் தூரத்துக்குள்ளேயே ஐந்தில் நான்கு பங்கு இறங்கிவிடும். அங்கே ஒரு காலை எர்த் கம்பியருகிலும் இன்னொரு காலை ஓரடி எட்டியும் வைத்தால், இரண்டு காலுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வோல்ட். இதற்கு ஸ்டெப் வோல்டேஜ் என்று பெயர். பத்து மீட்டர் தள்ளிப் போனால் ஓர் எட்டுக்கு இருக்கும் வித்தியாசம் பத்து வோல்ட் அளவுக்கு வந்துவிடும்.

ஆகவே எர்த் மாட்டிய பின் கம்பத்தடி, ஸ்டே கம்பி, அடித்த எர்த் கம்பி, இவற்றைத் தொட்டு நிற்கக் கூடாது. பொருள் அனுப்பக் கயிறு போதும். ஏணி வண்டியோ கிரேனோ நின்றால் அதன் உடலையும் அதே பட்டையோடு கட்ட வேண்டும். பிறகு தரையில் நின்றபடி வண்டியைத் தொடக் கூடாது. டீ வாங்கி வந்து வண்டிக் கதவில் சாய்வது சாதாரணமாக நடப்பது என்பதால் சொல்லி வைக்கிறோம்.

எந்த வரிசையில்

லைன் கிளியர் எழுத்தில் கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும். செல்போனில் "நிறுத்தியாச்சு, ஏறு" என்பது லைன் கிளியர் ஆகாது. திறந்த சுவிட்சுக்குப் பூட்டு, "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" பலகை. பூட்டின் சாவி வேலை செய்யும் குழுவிடம். குறைந்தழுத்தப் பக்கத்தில் பேக் ஃபீடு வழியை அடைக்க, அந்தப் பகுதி டிரான்ஸ்ஃபார்மர்களின் ஃப்யூஸ்களையும் எடுத்துவிடுவது நல்லது.

அடுத்து சோதனை. காப்புத் தடியில் பொருத்திய, அந்த வோல்டேஜுக்கு உரிய டிடெக்டர் வேண்டும். முதலில் அது வேலை செய்கிறதா என்று சப்ளை உள்ள இடத்திலோ அதற்கான சோதனைக் கருவியிலோ பார்க்க வேண்டும். பிறகு மூன்று ஃபேஸையும் தனித்தனியே. பிறகு மறுபடியும் டிடெக்டரையே. மூன்றாவது தடவை எதற்கு என்றால், நடுவில் பேட்டரி போயிருந்தால் அதன் மௌனத்தை "சப்ளை இல்லை" என்று படித்துவிடுவோம். நியான் ஸ்குரூடிரைவர் இந்த வேலைக்கு உதவாது.

சோதித்ததும் தாமதிக்காமல் எர்த். முதலில் எர்த் முனை: நியூட்ரல், பட்டை, மண்ணில் அடித்த கம்பி, எல்லாம் இறுக்கிய பின்பே ஃபேஸ் கம்பியை நெருங்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், ஃபேஸில் மாட்டிய கேபிளின் மறுமுனை கையில் இருக்கும். லைனில் ஏதாவது இருந்தால் கையே எர்த் ஆகிவிடும். ஃபேஸ்களில் தனக்கு அருகிலிருப்பதை முதலில், எட்டத்தில் இருப்பதைக் கடைசியில். அப்போதுதான் எர்த் ஆகாத கம்பியின் கீழ் கையை நீட்ட வேண்டி வராது. கிளாம்பை மாட்டுவது தடியால்தான், கையால் ஒருபோதும் இல்லை, 11 கே.வி.க்கு வகுப்பு 2 ரப்பர் கையுறை, போடும் முன் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து. இண்டக்‌ஷன் இருந்தால் கிளாம்பு தொடும்போது சிறு பொறி வரும். தயங்கித் தயங்கித் தொடாமல் ஒரே வீச்சில் அழுத்தி மாட்ட வேண்டும்.

கம்பியை வெட்டவோ ஜம்பரை (இரண்டு கம்பிகளை இணைக்கும் துண்டுக் கம்பியை) கழற்றவோ போகிறீர்கள் என்றால் இன்னொன்று. வெட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய நொடியில் ஒரு பக்கம் எர்த்திலும் மறுபக்கம் அந்தரத்திலும் நிற்கும். இரண்டு முனையையும் இரு கையால் பிடித்திருப்பவர் நடுவில் இருப்பார்.

கேபிளும் கிளாம்பும்

கேபிளின் அளவு, பழுதின்போது பாயும் ஃபால்ட் கரண்ட்டையும் பிரேக்கர் விழ எடுக்கும் நேரத்தையும் பொறுத்தது. 35 சதுர மி.மீ. செம்பு ஒரு விநாடிக்கு சுமார் 5000 ஆம்பியர் தாங்கும். கால் விநாடியில் துண்டித்துவிடும் என்றால் 10,000. துணைமின் நிலையத்துக்கு அருகே ஃபால்ட் கரண்ட் அதிகம், அங்கே தடித்த கேபிள் வேண்டும்.

செட் கைவசம் இல்லை என்று ஜி.ஐ. கம்பியை லைன் மேல் வீசிப் போடும் வழக்கத்தைப் பற்றி. 8 எண் ஜி.ஐ. கம்பி 4 மி.மீ. விட்டம். 4000 ஆம்பியர் பாய்ந்தால் அது கால் விநாடி தாங்காது, உருகி அறுந்துவிடும். பிரேக்கர் விழும் முன்பே எர்த் காணாமல் போகும். உருகிய இரும்பு கீழே நிற்பவர் மேல் தெறிக்கும். வீசும்போது லைனில் சப்ளை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இதற்கு "அவசரத்துக்கு" என்ற விலக்கே கிடையாது.

கிளாம்பில் பெரும்பாலும் கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. அலுமினியக் கம்பியின் மேல் படியும் ஆக்ஸைடு தோல் கரண்ட்டைக் கடத்தாது. அதன் மேலேயே மாட்டினால் தடை 10 மில்லி ஓமுக்கு ஏறலாம். 4000 ஆம்பியருக்கு அந்தச் சிறு இடத்தில் 40 வோல்ட் விழும், 160 கிலோவாட் வெப்பம் பிறக்கும். கிளாம்பு பிய்த்துக்கொண்டு போகும். மாட்டும் முன் தடியில் பொருத்திய கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது இதற்காக. கேபிளுக்குக் கண்ணாடி போன்ற உறை இருந்தால் உள்ளே இழைகள் அறுந்ததும் பச்சை பூத்ததும் தெரியும். முனைகளில்தான் முதலில் அறும். மீதிக் கேபிளை வளையமாகச் சுற்றி வைக்கக் கூடாது. ஃபால்ட் பாயும்போது காந்த விசையில் அது சாட்டையாகத் துள்ளும். தேவையான நீளம் மட்டும் இருக்கும் செட்டே நல்ல செட்.

தெருக் கம்பம், கேபிள், கெப்பாசிட்டர், வீடு

400 வோல்ட் தெரு லைனில் மூன்று ஃபேஸ், நியூட்ரல், தெருவிளக்குக் கம்பி என ஐந்து இருக்கும். ஷார்ட் செய்யும்போது ஐந்தும் சேர வேண்டும். தெருவிளக்குக் கம்பிக்குத் தனி சுவிட்ச் என்பதால் அதை மறப்பது வாடிக்கை. மாலையில் வேலை நீண்டால் யாரோ விளக்கைப் போடுவார்கள். வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைந்திருந்தாலும் இந்த ஷார்ட் அதன் பிரேக்கரைத் தட்டிவிடும்.

நிலத்தடி கேபிள், நிறுத்திய பிறகும் சார்ஜைத் தேக்கி வைத்திருக்கும். ஒரு தடவை இறக்கினாலும், எர்த்தை எடுத்தால் காப்புப் பொருளுக்குள் தங்கியது மெல்ல மீண்டும் மேலே வரும். அதனால் எர்த் மாட்டியே இருக்க வேண்டும். கெப்பாசிட்டர் பேங்கில் (சார்ஜைச் சேர்த்து வைக்கும் யூனிட்களின் தொகுப்பில்) உள்ளிருக்கும் ரெசிஸ்டர் சார்ஜை இறக்கச் சில நிமிடம் எடுக்கும். உயரழுத்தத்துக்குப் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு ஒவ்வொரு யூனிட்டையும் தனித்தனியே ஷார்ட் செய்ய வேண்டும்.

வீட்டு வயரிங் வேலைக்கு இந்த எர்த் செட் எல்லாம் வழக்கமில்லை. அங்கே காப்பது துண்டிப்பும் சோதனையும். மெயினை அணைத்து ஃப்யூஸ் கேரியரை எடுத்துக் கையோடு வைத்துக்கொள்வது, இன்வெர்ட்டரையும் தனியாக நிறுத்துவது, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் என்று மூன்று ஜோடியையும் மீட்டரால் பார்ப்பது. இன்வெர்ட்டரை மறந்துவிட்டு மெயினை மட்டும் அணைப்பது வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

கழற்றும்போது

மாட்டியதற்கு நேர் தலைகீழ்: எட்டத்து ஃபேஸ் முதலில், அருகிலுள்ளது அடுத்து, எர்த் முனை கடைசியில். எர்த் முனையை முன்னால் கழற்றிவிட்டால், இணைந்திருக்கும் கம்பிகளின் இண்டக்‌ஷன் வோல்டேஜ் முழுவதும் கையிலிருக்கும் கேபிளில் வந்து நிற்கும். கடைசிக் கிளாம்பு எடுத்த கணமே அந்த லைன் சப்ளை உள்ள லைன்தான். "கொஞ்சம் அந்த நட்டை மட்டும் இறுக்கிட்டு வரேன்" என்று திரும்ப ஏறக் கூடாது. மீண்டும் எர்த் போட்டே ஏற வேண்டும்.

எர்த்தைக் கழற்ற மறந்து லைனைப் போடுவதும் அவ்வப்போது நடக்கிறது. ஒவ்வொரு செட்டுக்கும் எண் எழுதி, எந்தக் கம்பத்தில் எந்த எண் என்று லைன் கிளியர் தாளிலேயே குறித்து, திருப்பிக் கொடுக்கும் முன் எண்களையும் ஆட்களையும் எண்ணிப் பார்த்தால் இது நடக்காது. பல குழுக்கள் ஒரே ஃபீடரில் வேலை செய்தால் ஒவ்வொரு குழுவுக்கும் தனி லைன் கிளியர். எல்லாத் தாளும் திரும்பி வந்த பிறகே துணைமின் நிலையம் சுவிட்சைத் தொடலாம். சார்ஜ் செய்ததும் பிரேக்கர் விழுந்தால் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லாமல், லைன் நெடுக ஆள் அனுப்பி ஒவ்வொரு கம்பமாகப் பார்க்க வேண்டும்.